கோட்டை மண்ணில் கிடைக்கும் பழைய உலோகங்கள்: அடையாளம் காண்பது எவ்வாறு?

எமது கரையோரப் பட்டினங்கள் பலவற்றின் நடுவே ஒரு கோட்டை நிற்கின்றது. யாழ்ப்பாணம், மன்னார், கற்பிட்டி, திருகோணமலை, மட்டக்களப்பு, காலி என்று அந்த வரிசை நீள்கின்றது. இக்கோட்டைகளை அண்டிய காணிகளில் அத்திவாரம் வெட்டும்போதும், கிணறு தோண்டும்போதும், மலசலகூடக் குழி எடுக்கும்போதும் பழைய உலோகப் பொருள்கள் வெளிவருவது புதுமையல்ல. துருவேறிய இரும்புக் குண்டு, களிம்பேறிய செப்புக் காசு, ஈயத்தாலான சிறு உருண்டை, உடைந்த வாளின் துண்டு, படைவீரனின் சட்டைப் பொத்தான் என்பன அவ்வாறு வெளிவருவனவற்றுட் சில. அவற்றுட் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்கோ, பத்தரின் உலைக்கோ, வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்கோ சென்று சேருகின்றன. சில வேளைகளில் அவை கண்டெடுத்தவரின் கையிலேயே வெடித்தும் விடுகின்றன.

இப்பொருள்களை அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒருபுறம் அது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். மறுபுறம் எமது மக்களின் வரலாற்றுச் சான்றுகளோடு சம்பந்தப்பட்ட விடயம். எனவே இது தொடர்பான சில அடிப்படை உண்மைகளை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியம் என நாம் கருதுகின்றோம்.

யாழ்ப்பாணக் கோட்டையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இவ்விடத்தில் தமது கோட்டையை நிலைநிறுத்தினர். 1658ஆம் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்த முற்றுகையின் பின்னர் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் அவர்கள் அதனை ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோணக் கோட்டையாக மாற்றிக் கட்டி, 1792ஆம் ஆண்டளவில் வெளி அரண்களையும் நிறைவு செய்தனர். மூன்றே ஆண்டுகளில், 1795ஆம் ஆண்டு செப்ரெம்பரில், அது பெரும் எதிர்ப்பு எதுவுமின்றி ஆங்கிலேயர் வசமாயிற்று. இரு நூற்றாண்டுகள் கழிந்து, 1990ஆம் ஆண்டில் இதே கோட்டை மீண்டும் மாதக்கணக்கில் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் இராணுவம் அங்கிருந்து வெளியேறியது.

ஆகவே இக்கோட்டையைச் சூழவுள்ள மண்ணில் 17ஆம் நூற்றாண்டின் பீரங்கிக் குண்டும் 20ஆம் நூற்றாண்டின் எறிகணையும் அருகருகே கிடக்கலாம். துரு மூடிய பின்னர் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று வெறும் இரும்பு. மற்றையது இன்னமும் உயிருள்ள வெடிபொருள். திருகோணமலையின் நிலையும் இதற்கு வேறுபட்டதன்று. அங்கே ஐரோப்பியர் காலத்து எச்சங்களோடு, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலின் காலத்து எச்சங்களும், அதற்குப் பின்னைய உள்நாட்டுப் போரின் எச்சங்களும் ஒரே நிலத்தில் கலந்துள்ளன.

இதனாலேயே, நிலத்திலிருந்து வெளிப்படும் எந்த உலோகப் பொருளையிட்டும் முதலில் எழ வேண்டிய கேள்வி, "இது எவ்வளவு பழையது?" என்பதல்ல, "இது வெடிக்கக்கூடியதா?" என்பதேயாகும். இக்கேள்விக்கு விடை காணும் தகுதி பயிற்சி பெற்ற வெடிபொருள் அகற்றுவோருக்கு மாத்திரமே உண்டு. வால்பகுதியில் சிறகுகள் உள்ள பொருள், முனையில் திருகாணி போன்ற பகுதியுள்ள பொருள், ஒரு முனை கூம்பி நீண்டிருக்கும் பொருள், துளையொன்று அடைக்கப்பட்ட உருண்டை என்பவற்றை எவரும் தொடலாகாது. தட்டிப் பார்த்தல், உலுக்கிப் பார்த்தல், துருவைச் சுரண்டுதல், நெருப்பில் இடுதல், நீரில் எறிதல் ஆகிய எதனையும் செய்யலாகாது. துரு மூடியிருப்பது பொருள் செயலிழந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியாகாது. பார்க்கப்போனால், உள்ளிருக்கும் பொறிமுறை அரிக்கப்பட்ட நிலையில் அது முன்னரைவிட இலகுவில் வெடிக்கக்கூடும். நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைந்துகொண்டது. உடன்படிக்கையில் இணைந்தமை நல்ல விடயமே. ஆயினும் மண்ணுக்குள் கிடப்பவை கையெழுத்தினால் மறைந்து விடுவதில்லை.

ஆபத்தில்லை என உரியவர்களால் உறுதிப்படுத்தப்பட்ட பொருளைப் பொறுத்தவரை, அடையாளம் காணும் பணி உலோகத்திலிருந்து ஆரம்பமாகின்றது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த ஒவ்வோர் உலோகமும் தனக்கேயுரிய நிறத்தைப் பெறுகின்றது. இரும்பு செம்பழுப்பு நிறத் துருவாகப் பெருத்து, மண்ணையும் சிறு கற்களையும் தன்னோடு சேர்த்து இறுக்கிக் கொள்ளும். செம்பும் வெண்கலமும் பச்சைக் களிம்பு பூக்கும். வெள்ளி கறுக்கும். ஈயம் வெண்சாம்பல் நிறப் படலம் போர்த்துக் கொள்ளும். பொன் மட்டுமே பெரும்பாலும் மாறாதிருக்கும். எடையும் ஒரு சான்றாகும். அளவில் ஒத்த இரு உருண்டைகளுள் ஈயத்தாலானது இரும்பினாலானதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமாக இருக்கும்.

கோட்டைப் பகுதிகளில் அதிகம் பேசப்படுவது பீரங்கிக் குண்டு. பழைய பீரங்கிகள், அவை எறியும் குண்டின் எடையைக் கொண்டே வகுக்கப்பட்டன. ஆறு இறாத்தல், பன்னிரண்டு இறாத்தல், இருபத்துநான்கு இறாத்தல் என்பவை அத்தகைய வகுப்புகள். ஆங்கில அளவின்படி பன்னிரண்டு இறாத்தல் குண்டு சுமார் 11 சென்ரிமீற்றர் விட்டமும் 5.4 கிலோகிராம் எடையும் உடையது. இருபத்துநான்கு இறாத்தல் குண்டின் விட்டம் சுமார் 14 சென்ரிமீற்றர். வார்ப்பு இரும்பினாலான திண்மக் குண்டின் விட்டம் தெரிந்தால் அதன் எடை எவ்வளவு இருக்க வேண்டும் எனக் கணக்கிடலாம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குண்டொன்று ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோகிராம் இருத்தல் வேண்டும். துரு அதில் ஒரு பகுதியைத் தின்றிருக்கலாம். எனினும் எடை வெகுவாகக் குறைந்திருப்பின், அது உள்ளே குழிவான குண்டாக இருக்கக்கூடும். அத்தகைய குண்டுகளுக்குள் வெடிமருந்து நிரப்பித் திரி வைத்து எறிவது பழைய வழக்கம். அந்த மருந்து நூற்றாண்டுகள் கடந்தும் உலர்ந்த நிலையில் எஞ்சியிருக்க இடமுண்டு. எனவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நிபுணரின் வேலையேயன்றிக் கண்டெடுத்தவரின் வேலையன்று. மேலும், உருண்டையான இரும்பெல்லாம் பீரங்கிக் குண்டு அல்ல. ஆலை இயந்திரங்களின் அரைக்கும் உருண்டைகளும் வேலித்தூண்களின் அலங்காரக் குமிழ்களும் பீரங்கிக் குண்டு என்று நம்பப்படுவதுண்டு.

அடுத்ததாக ஈய ரவை. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் படைத்துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 19 மில்லிமீற்றர். அதற்குள் இடப்பட்ட ஈய உருண்டை அதனிலும் சற்றுச் சிறியதாய், ஏறத்தாழ 17.5 மில்லிமீற்றர் விட்டமும் 30 கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையும் கொண்டிருந்தது. அச்சில் வார்த்த தழும்பு அதன் நடுவே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். முழு உருண்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் சுடப்படாத அல்லது கைதவறி விழுந்த ரவை. தட்டையாகிச் சிதைந்து கிடைப்பது சுவரிலோ எலும்பிலோ மோதிய ரவை. கோட்டை மதிலருகே தட்டையான ரவைகள் எத்திசையில் எவ்வளவு பரந்துள்ளன என்பதைக் கொண்டு தாக்குதல் எப்பக்கமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர்கள் ஊகித்தறிவர். ஈயம் நஞ்சு என்பதால் அதனைத் தொட்டவர் கை கழுவாமல் உணவருந்தலாகாது என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். பித்தளையாலான தோட்டாக் கூடுகளோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே படைகளில் பரவலாயின. அவற்றின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்ட குறிகளும் இலக்கங்களும் உற்பத்தி செய்த இடத்தையும் ஆண்டையும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

நாணயங்களே காலத்தைத் துல்லியமாகப் பேசுபவை. யாழ்ப்பாண மன்னர்களின் காசுகளில் ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் காணப்படும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசுகளில் வீ, ஓ, சீ ஆகிய மூன்று எழுத்துகளும் ஒன்றோடொன்று பிணைந்த முத்திரையைக் காணலாம். அக்கம்பனி 1602ஆம் ஆண்டில் தோன்றி 1799ஆம் ஆண்டின் முடிவில் கலைக்கப்பட்டது. நெதர்லாந்தில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்த செப்புத் துட்டுகள் மெல்லியவை. மாகாணச் சின்னமும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்டவை. இலங்கையிலேயே அடிக்கப்பட்ட காசுகளோ தடித்தவை, ஒழுங்கற்றவை. அவற்றில் கம்பனி முத்திரைக்கு மேலே ஓர் உரோம எழுத்து இருக்கும். 'சீ' கொழும்பையும், 'ஜீ' காலியையும், 'ரீ' திருகோணமலையையும், 'ஐ' யாழ்ப்பாணத்தையும் குறிக்கும். ஆங்கிலேயர் தமது ஆட்சியின் ஆரம்பத்தில் வெளியிட்ட செப்புக் காசுகளில் யானை உருவம் இடம்பெற்றது.

நாணயம் அரபு எழுத்துடன் கிடைப்பதும் உண்டு. 1961ஆம் ஆண்டில் தென்கீழ்க் கடலில், பெரிய இராவணன் கோட்டைப் பாறையருகே மூழ்கிக் கிடந்த கப்பலொன்றின் எச்சங்களிலிருந்து பெருந்தொகையான வெள்ளி நாணயங்கள் வெளிக்கொணரப்பட்டன. அவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில் சூரத்தில் அடிக்கப்பட்டவை. அவற்றில் பொறிக்கப்பட்டிருந்த ஹிஜ்ரி ஆண்டு 1113, அதாவது கி.பி. 1702ஐ ஒட்டியது. எழுத்தை வாசிக்க ஒருவர் இருந்தபடியால்தான் கப்பலின் காலம் தெரியவந்தது. நாணயத்தின் ஆண்டைப் பொருளின் ஆண்டாகவே கொள்ளும் தவறையும் தவிர்த்தல் வேண்டும். 1750இல் அடித்த காசு 1800இலும் மக்கள் கையில் புழங்கியிருக்கலாம். அது கிடைத்த மண்படை 1750க்கு முந்தியதல்ல என்பது மட்டுமே நிச்சயம்.

படைவீரர்களின் பொத்தான்களும் அவ்வாறே பேசும். 1767ஆம் ஆண்டிலிருந்து ஆங்கிலப் படைப்பிரிவுகள் தமது இலக்கத்தைப் பொத்தானில் பொறிக்கும் முறை வந்தது. இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருப்பின் எப்படைப்பிரிவு எனத் தெரியும். அப்படைப்பிரிவு இலங்கையில் இருந்த ஆண்டுகள் ஆவணங்களில் உள்ளன. இங்கு நாம் மறந்துவிடக்கூடாத ஒன்று, இக்கோட்டைகளில் இருந்தவர்கள் ஐரோப்பியர் மட்டுமல்லர் என்பதாகும். ஒல்லாந்தர் காலத்திலேயே கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய் வீரர்கள் இங்கு பணியாற்றினர். பின்னர் ஆங்கிலேயரின் கீழும் அவர்கள் தனிப் படையாக இயங்கினர். அந்த மரபில் வந்த இலங்கை ரைபிள் படை 1873ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. இன்றைய மலாய் முஸ்லிம்களின் முன்னோர்கள் பலர் அவ்வீரர்களே. கோட்டையருகே அலைபோல் வளைந்த குத்துவாளின் அலகு ஒன்று கிடைக்குமாயின், அது அலங்காரப் பொருளல்ல. ஒரு சமூகம் இந்நாட்டிற்கு வந்த கதையின் சான்று.

எனினும் பொருளைவிடப் பெறுமதியானது அது கிடந்த இடமாகும். எந்த ஆழத்தில், எந்த மண்படையில், எவற்றோடு சேர்ந்து அது கிடந்தது என்பதே ஆய்வாளருக்குத் தேவையான தகவல். போருக்குப் பின்னர் யாழ்ப்பாணக் கோட்டையினுள் நடைபெற்ற அகழ்வாய்வுகளில், போர்த்துக்கேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட வெளிநாட்டு மட்பாண்டத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. கோட்டைக்கு முன்னரே அவ்விடம் கடல் வணிகத்தோடு தொடர்புபட்டிருந்தது என்பதை அவை காட்டின. அத்துண்டுகள் சந்தையில் ஒரு சதமும் பெறாதவை. ஆனால் கிடந்த இடத்தில் கிடந்தபடியால் அவை வரலாறாயின. அதே துண்டு ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்திருப்பின் அது எதனையும் சொல்லியிராது.

பொருளைத் துலக்க முனைவது இரண்டாவது பெருந்தவறு. வீட்டில் பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். மணல்தாளினால் உரசினால் காசு பளபளக்கும். ஆனால் அது எந்தக் காசு எனச் சொல்ல எவராலும் முடியாது. கடலோர மண்ணில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். அதனை வெளியே எடுத்துக் காயவிட்டால் சில மாதங்களிலேயே ஓடு ஓடாகக் கழன்று பொடியாகிவிடும். 1659ஆம் ஆண்டில் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'அவொண்ட்ஸ்ரர்' என்ற ஒல்லாந்தக் கப்பலின் பொருள்கள் இந்நூற்றாண்டின் ஆரம்பத்தில் மீட்கப்பட்டபோது, அவற்றைப் பேணுவதற்கென்றே ஆய்வுகூடம் தேவைப்பட்டது. உப்பை மெல்ல மெல்ல நீக்கும் அப்பணி பொறுமையும் நீண்டகாலமும் வேண்டுவது. அதனை வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்ய முடியாது.

நிலத்திலிருந்து வரும் உலோகம் ஒரு சமூகத்துக்கு எதனைத் திருப்பித் தரக்கூடும் என்பதற்குத் திருகோணமலையே சிறந்த உதாரணம். 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் ஆலயத்தை அழித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1950ஆம் ஆண்டில் அந்நகரில் கிணறு தோண்டியவர்கள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். கண்டெடுத்தவர்கள் அவற்றை மறைத்து விற்றிருந்தால், அல்லது உருக்கியிருந்தால், அழிந்த ஆலயத்தின் கண்கண்ட சான்று எம்மிடம் இருந்திராது. அவை ஊரறிய வெளிவந்தபடியால் மக்களின் வழிபாட்டுக்கு மீண்டன. 1963ஆம் ஆண்டில் புதிய ஆலயத்தின் குடமுழுக்கும் நிறைவேறியது.

சட்டத்தின் நிலையையும் கூறுதல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருள் எனக் கொள்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்ட நாள் அது. மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள்கள் அரசுக்குரியவை. காணி தனதாக இருப்பதால் மட்டும் அதிற் கிடைக்கும் தொல்பொருள் தனதாகி விடாது. அனுமதியின்றி அவற்றைத் தேடி அகழ்வதும் குற்றமாகும். புதையல் தேடி இரவில் மண்வெட்டியோடு செல்பவர்கள் அகப்பட்டு நீதிமன்றில் நிறுத்தப்படும் செய்திகளை நாம் அடிக்கடி பிரசுரிக்க நேர்கின்றது.

ஆயினும் எமது மக்கள் மத்தியில் ஓர் அச்சம் நிலவுவதை மறைப்பதில் பயனில்லை. பொருளொன்று கிடைத்ததாக அறிவித்தால் காணியே கைவிட்டுப் போய்விடும் என்பதே அந்த அச்சம். அது காரணமின்றி எழுந்ததுமல்ல. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான அந்த அமைப்பில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இடம்பெற்றிருக்கவில்லை. தமது மண்ணின் வரலாற்றைத் தாம் இல்லாமலே பிறர் எழுதுவர் என்று மக்கள் எண்ணினால், கிடைத்ததை மறைக்கவே முனைவர். மறைக்கப்படுவது சான்று. சான்று மறைந்தபின் எஞ்சுவது வாய்ச்சண்டை மட்டுமே. தொல்லியல் எந்த ஓர் இனத்தினதும் காணி உறுதிப்பத்திரம் அல்ல என்பதைச் செயலில் காட்ட வேண்டிய பொறுப்பு முதலில் அரசுக்கே உரியது. பிரதேச மட்டத்தில் தமிழில் முறைப்பாடு ஏற்று, தமிழில் பற்றுச்சீட்டு வழங்கி, பொருள் எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கண்டெடுத்தவருக்கு அறிவிக்கும் ஒழுங்கு ஒன்று இருப்பின் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

அதுவரை மக்கள் செய்யக்கூடியவை சிலவுண்டு. பொருள் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்த வேண்டும். சிறுவர்களை அப்புறப்படுத்தி, இடத்தை அடையாளமிட்டு, சந்தேகத்துக்குரிய பொருளாயின் 119 இலக்கத்தினூடாகப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். ஆபத்தற்றது என்பது உறுதியானால், அசைக்காமலே புகைப்படம் எடுத்து, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஆழத்தையும் இடத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளலாம். பின்னர் கிராம உத்தியோகத்தருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்துமூலம் அறிவித்து, அதன் பிரதியைத் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். அயலிலுள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினருக்கும் தெரியப்படுத்துவது நன்று. சாட்சிகள் பலரிருக்கும் பொருள் இலகுவில் காணாமற் போவதில்லை.

காலியில் 1911ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, அதற்குமுன் மதகொன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்லின்மீது எத்தனையோ பேர் நடந்து சென்றிருப்பர். புரட்டிப் பார்த்த ஒருவரால் அது நாட்டின் சொத்தாயிற்று. கோட்டை மண்ணிலிருந்து வெளிவரும் துருவேறிய துண்டுக்கும் அந்த வாய்ப்பு அளிக்கப்படல் வேண்டும். இறாத்தலுக்கு இவ்வளவு என்று விலை பேசுமுன், அது உயிரைக் குடிக்கக்கூடியதா என்பதையும், ஊரின் கதையைச் சொல்லக்கூடியதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது எம் அனைவரதும் கடமையாகும்.